கிடைக்காத பாகத்துக்கு மாற்றுத் தேடிய கதை

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நான் ஏறுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை 1984ஆம் ஆண்டு, ஆறாம் ஆண்டு படிக்கும்போது. பள்ளிக்கு ஒரு நாளும் மட்டம் போடாததற்காக ஒரு பென்சில் பெட்டி கொடுத்தார்கள். படிப்புக்காக அல்ல. ஆகவே படிப்பைப் பற்றி உங்களுக்குப் புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். "உங்க தொழிலைப் பத்திப் பேசுங்க, அது போதும்" என்றார். அதையே பேசுகிறேன்.

மின்பலகை செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அதிலும் குறிப்பாகப் பவர் கன்வர்ட்டர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஓர் அளவு மின்சாரத்தை வாங்கி இன்னோர் அளவாக்கிக் கொடுக்கும் கருவி, அவ்வளவுதான். உங்கள் கைப்பேசி சார்ஜரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். சுவரிலிருந்து 230 வோல்ட் வாங்கி 5 வோல்ட்டாக்கிக் கொடுக்கிறது.

எப்படிக் குறைக்கிறது? லயத்துக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேகமாக வருகிறது, நமக்குக் கொஞ்சமாக வேண்டும். குழாயைப் பாதி திறந்து வைப்பது ஒரு வழி. மின்சாரத்தில் அப்படிச் செய்தால் மீதி எல்லாம் சூடாகி வீணாகும். குழாயை முழுக்கத் திற, முழுக்க மூடு, இதையே விடாமல் செய், விழுவதை ஒரு தொட்டியில் பிடித்து அங்கிருந்து நிதானமாக எடு என்பது இன்னொரு வழி. கன்வர்ட்டர் செய்வது இதைத்தான். திறந்து மூடும் குழாய் டிரான்சிஸ்டர். தொட்டி என்பது கப்பாசிட்டர். நடுவில் ஒரு கம்பிச் சுருளும் ஒரு டயோடும் இருக்கும். தொட்டியில் அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக் குழாய்க்கு உத்தரவு போட ஒரு மூளை, ஐ.சி. என்று சொல்கிறோமே, அது.

2009ஆம் ஆண்டு ஒரு செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து எங்கள் பட்டறைக்கு ஒரு பலகை வந்தது. எங்கள் பட்டறை என்று சொன்னாலும் அது என்னுடையது அல்ல. தொழிலில் எனக்கு மூத்த ஒரு பெரியவருடையது. சிரம்பானில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு அவரிடம் சேர்ந்திருந்தேன். தொழிற்சாலையில் இருந்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், பிறகு வரும் கதைக்கு அது வேண்டும்.

ஆலையில் கொதிகலன் இருக்கிறது. செம்பனைக் குலையில் மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் போட்டு எரிப்பார்கள். உள்ளே தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் குழாய்கள் வெந்து கெட்டுப்போகும், வெடிக்கவும் கூடும். ஆகவே மட்டம் இறங்கினால் சங்கு ஊதுகிற ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அது ஒன்றுதான் காவல் என்றில்லை, வேறு பாதுகாப்பும் உண்டு. ஆனால் முதலில் கத்துவது அதுதான். இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் அந்தச் சங்குக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள், நான் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பெட்டிக்குள் 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுத்துக் கொடுக்கும் கன்வர்ட்டர் பலகை கெட்டுப்போய்விட்டது. செய்து கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆலைக்காரர்களிடம் 1988ஆம் ஆண்டு வரைபடம் மட்டும் இருந்தது. கடையில் விற்கும் வேறு கன்வர்ட்டரை வைக்கலாமே என்று கேட்கலாம். அளவும் சாக்கெட்டும் பொருந்தாது, பேட்டரி இறங்கினால் பெட்டிக்குச் சொல்லும் வேலையும் இதே பலகையில்தான் இருந்தது. புதுப் பெட்டியே வாங்கலாம் என்றால் விலை பெரிது. ஆகவே "பழைய வரைபடத்தை வைத்தே எட்டுப் பலகை செய்து கொடுங்கள்" என்றார்கள்.

வரைபடத்தைப் பார்த்துப் பாகங்களின் பட்டியல் எழுதினேன். மூளை டிஎல்494. அது எழுபதுகளில் வந்த ஐ.சி., இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. ஆனால் டிரான்சிஸ்டர் நின்றுபோய்விட்டது. டயோடு நின்றுபோய்விட்டது. கப்பாசிட்டரின் அந்த வரிசையும் இல்லை.

பாகம் ஏன் நின்றுபோகிறது? ஒரு காரணம் கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கிக்கொள்வது. 1999இல் யூனிட்ரோட், 2011இல் நேஷனல் செமிகண்டக்டர், இரண்டும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸோடு சேர்ந்தன. 2015இல் இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் இன்ஃபினியனோடு சேர்ந்தது. இரண்டு வீடு ஒன்றானால் அம்மிக்கல் இரண்டு எதற்கு? ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இன்னொரு காரணம், 2006 ஜூலை முதல் ஐரோப்பாவில் பெரும்பாலான மின்னணுச் சாமான்களில் ஈயம் கூடாது என்று சட்டம் வந்தது. அதிகம் விற்காத பழைய பாகங்களை அதற்காக மாற்றி அமைக்கப் பல கம்பெனிகளுக்கு மனமில்லை, நிறுத்திவிட்டார்கள். நிறுத்துவதற்கு முன் அறிவிப்புக் கொடுப்பது முறை. கடைசியாக வாங்கிக்கொள்ள ஆறு மாதம், கடைசிச் சரக்கு வந்து சேர ஒரு வருடம் என்பது பொது வழக்கம். பெரிய கம்பெனிக்கு அந்தக் கடிதம் போகும். நம்மைப் போன்ற சின்னப் பட்டறைக்கு யார் எழுதப்போகிறார்கள்?

இங்கே என் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்த பிறகு நாட்டின் பல ஊர்களிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பெண்கள் பலர் அதிகாலை பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போனார்கள். என் அக்காவும் போனாள். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டு, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. பழைய பாகத்தை எடுத்து அதன் அடியில் 'மலேசியா' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் கண்கள் ஞாபகம் வரும். இப்போது கண்ணாடி இல்லாமல் அவளால் ஊசியில் நூல் கோக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். அதே எண்ணுள்ள டிரான்சிஸ்டர் எங்காவது மிச்சம் இருக்காதா என்று தேடினேன். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன், இல்லை. வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் இருந்தது. இருபது வாங்கினேன். பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தன. பெரியவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, மேல எல்லாத்துலயும் ஒரே தேதி போட்டிருக்கு. அடியில பாரு, ஒன்னுல மலேசியா, ஒன்னுல பிலிப்பைன்ஸ். ஒரே வாரத்துல ரெண்டு நாட்டுலயா செஞ்சாங்க?"

பாகத்தின் மேல் நான்கு எண் இருக்கும். 9432 என்றால் 1994ஆம் ஆண்டு 32ஆவது வாரம். பழைய உதிரிப் பாகங்களைச் சேர்த்து, மேல் பக்கத்தைத் தேய்த்து, புது எண் அச்சடித்திருக்கிறார்கள். பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தோம். எழுத்து கையோடு வந்துவிட்டது. என் தலைக்கனத்தில் கொஞ்சமும் அதோடு போயிற்று, எல்லாம் போகவில்லை.

எண் உண்மையாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதே ஆள் என்று சொல்ல முடியாது. வானொலி ரிப்பேர் தெரிந்த பெரியவர்கள் இங்கே இருந்தால் 2என்3055 என்ற டிரான்சிஸ்டரைத் தெரிந்திருக்கும். இரும்புத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும். அறுபதுகளில் ஆர்.சி.ஏ. கம்பெனி கொண்டுவந்தது, இன்றைக்கும் அதே பெயரில் விற்கிறார்கள். ஆனால் எழுபதுகளில் அதைச் செய்யும் முறையே மாறிவிட்டது. பழையது மந்தம், ஆனால் அடி தாங்கும். புதியது அதைவிடச் சுறுசுறுப்பு. பழைய ஆம்ப்ளிஃபையரில் புதியதைப் போட்டால் சில சமயம் தானாக நடுங்கத் தொடங்கிச் சூடேறி எரிந்துவிடும். பெரியவர் தம் இளமையில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி ஒன்றை இப்படிப் பறிகொடுத்திருக்கிறார். "பேரு ஒன்னுதான், ஆளு வேற" என்பார்.

பழைய டிரான்சிஸ்டர் இல்லை என்றதும் மாஸ்ஃபெட் என்ற புது ரகத்தைப் போடலாம் என்றேன். மின்சாரம் அதிகம் தாங்கும், சூடு குறைவு, விலையும் மலிவு. கால்கள் கூட அதே துளையில் பொருந்தின. போட்டேன். ஸ்விட்சைத் தட்டினேன். சின்னதாக ஒரு 'டப்'. செத்துவிட்டது. இன்னொன்று போட்டேன். அதுவும் செத்தது. மூன்றாவதைப் போடக் கை நீட்டியபோது பெரியவர் தரவுத்தாளை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தரவுத்தாள் என்பது பாகத்தின் ஜாதகம். அதில் தெளிவாக எழுதியிருந்தது. பழைய டிரான்சிஸ்டரின் வாசலுக்குக் கொஞ்சம் மின்னோட்டம் கொடுத்தால் திறக்கும். வாசலில் எவ்வளவு தள்ளினாலும் அழுத்தம் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் ஏறாது, தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும். மாஸ்ஃபெட்டின் வாசல் அப்படி இல்லை. அங்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம் இருக்கிறது. 20 வோல்ட்டுக்கு மேல் வைக்காதே என்று போட்டிருந்தது. நான் 24 வோல்ட் வரைபடத்தில் அப்படியே சொருகியிருக்கிறேன். பேட்டரி சார்ஜ் ஆகும்போது அது 28க்குப் போகும். படலம் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? வாசலில் 12 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்று வைத்து அழுத்தத்தைக் கட்டிப்போட்டேன். சீக்கிரம் மூட இன்னொரு சின்ன டிரான்சிஸ்டரும் வைத்தேன். பலகை ஓடியது. 5 வோல்ட் வந்தது. நான் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய எ.எம். வானொலிப் பெட்டியை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். அது தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இரைந்தது. பழைய பலகையில் ஓட்டிப் பார்க்க உயிர் இருந்த ஒரே பலகை எங்களிடம் இருந்தது, அதன் பக்கத்தில் வைத்தால் லேசான முணுமுணுப்புதான்.

தாய்மார்களுக்கு இது உடனே புரியும். பால் மரம் வெட்டுகிறவர்கள் பழைய உளியிலேயே கை பழகியிருப்பார்கள். புது உளி வாங்கித் தீட்டிய அன்றைக்கு அதே பலத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் பட்டுவிடும், மண்டோரிடம் பாட்டு வாங்க வேண்டும். உளி மேல் குற்றமில்லை, அது முன்னதை விட நல்ல உளி. பழைய டிரான்சிஸ்டர் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் சின்னப் பங்குதான் மாஸ்ஃபெட்டுக்குத் தேவைப்பட்டது. அவ்வளவு சடாரென்று திறந்ததால், 28 வோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் டயோடு மேல் 50 வோல்ட்டைத் தாண்டி முள் முள்ளாக எகிறியது. நான் போட்டிருந்த டயோடு தாங்குவதே 60தான். மாஸ்ஃபெட்டின் வாசலில் 10 ஓம் இருந்ததை 47 ஓம் ஆக்கி அதை வேண்டுமென்றே மெதுவாக்கினோம். டயோடுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் சின்னக் கப்பாசிட்டரும் வைத்தோம். பாகம் கொஞ்சம் கூடுதலாகச் சூடானது. பரவாயில்லை. வானொலி அடங்கியது.

கம்பிச் சுருளைப் பற்றிச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். பழையதையே பிரித்து, அதே 150 மைக்ரோஹென்றிக்குச் சுற்றினோம், முடிந்தது.

பெரிய பாடம் கப்பாசிட்டரில்தான் காத்திருந்தது. வரைபடத்தில் '1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட்' என்று மட்டும் எழுதியிருந்தது. கடையில் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கும் சாமான். நானோ பழைய ரகம் எதற்கு, பாலிமர் என்ற உயர்ந்த ரகத்தைப் போடுவோம் என்று அதே 1000 மைக்ரோஃபாரட்டில் வாங்கினேன். எல்லாக் கப்பாசிட்டருக்கு உள்ளேயும் கொஞ்சம் தடை இருக்கும். நமக்கு வேண்டாத குறை அது. பழையதில் அந்தத் தடை 0.08 ஓம். நான் வாங்கியதில் 0.008, பத்தில் ஒரு பங்கு. பணம் கூடக் கொடுத்து நல்ல பொருள் வாங்கியிருக்கிறேன் என்ற திருப்தி. 5 வோல்ட் கோடு போட்ட மாதிரி நின்றது. ஆலைக்கு நாளைக்கே அனுப்பலாம் என்றேன்.

"லோடு தட்டிப் பாத்தியா?" என்றார் பெரியவர்.

லோடு தட்டுவது என்றால், பலகை ஒரு ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நான்கு ஆம்பியர் கேட்பது. ஆசிலோஸ்கோப்பில் பழைய பலகையைப் பார்த்தோம். 5 வோல்ட் கோடு ஒரு தடவை குனிந்து நிமிர்ந்து நின்றுவிட்டது. என் பலகையைப் பார்த்தோம். குனிந்தது, எகிறியது, மறுபடி குனிந்தது. ஏழெட்டுத் தடவை ஆடித்தான் அடங்கியது. அந்த ஆட்டத்தில் இரண்டு தடவை 4.75 வோல்ட்டுக்குக் கீழே போனது. அந்தப் பெட்டியில் இருந்த பழைய ஐ.சி.கள் 4.75க்குக் கீழே சரியாக வேலை செய்யும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

எனக்கு அப்போதும் புரியவில்லை. "அண்ணே, ஆலையில யாரு இப்படித் தட்டப்போறாங்க?" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தண்ணி இறங்கினா என்னடா ஆகும்? ரிலே எல்லாம் ஒண்ணா இழுக்கும், சங்கு ஊதும். அப்பதானே ஒன்னுலேர்ந்து நாலுக்குப் போகும்? வருஷம் பூரா சும்மா இருந்துட்டு, கத்த வேண்டிய அந்த ஒரு நிமிஷத்துல உன் பலகை மயக்கம் போட்டு விழும்."

எனக்கு வியர்த்துவிட்டது.

ஏன் ஆடியது என்று அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுருளும் கப்பாசிட்டரும் சேர்ந்தால் ஓர் ஊஞ்சல். விநாடிக்குச் சுமார் 400 தடவை ஆட விரும்பும் ஊஞ்சல். மூளை அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஆனால் மூளைக்குச் சேதி போய்ச் சேரச் சற்றுத் தாமதம். ஊஞ்சல் திரும்பி வரும் நேரத்தில் தள்ளினால் நிற்கும், போகும் நேரத்தில் தள்ளினால் இன்னும் ஆடும் அல்லவா? பழைய கப்பாசிட்டரில் இருந்த அந்த 0.08 ஓம் தடை, தோட்டத்து லோரியில் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் அப்சார்பர் மாதிரி வேலை செய்துகொண்டிருந்தது. விநாடிக்கு 2,000 ஆட்டத்திலிருந்தே அது உதவிக்கு வந்துவிடும். என் உயர்ந்த ரகக் கப்பாசிட்டரில் அந்த உதவி 20,000இல்தான் ஆரம்பம். அது நாங்கள் கவனிக்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது. அப்சார்பரைக் கழற்றிவிட்டு லோரி ஓட்டியிருக்கிறேன்.

1988இல் இதை வரைந்தவர் யாரென்று தெரியாது. அவர் கப்பாசிட்டரின் குறையைத் தெரிந்தே கணக்கில் சேர்த்திருக்கிறார். அந்தக் குறைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஆனால் வரைபடத்தில் அதை எழுதவில்லை. 1000, 10 வோல்ட், அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது என் அப்பா நினைவு வருகிறது. அவர் பால் மரம் வெட்டுவதில் கெட்டிக்காரர், அவர் வெட்டிய மரத்தில் காயம் இருக்காது. தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, குலை வெட்ட அவர் கையில் நீளக் கம்பு கொடுத்தார்கள். ஆள் கணக்கு சரியாக இருந்தது. அப்பாவால் கழுத்தை நிமிர்த்தி வேலை செய்ய முடியவில்லை. இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டார்.

எங்களுக்கு முன் மூன்று வழி இருந்தது. பாலிமரையே வைத்து அதோடு தொடராக ஒரு சின்ன ரெசிஸ்டர் போடலாம். மூளையைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களையும் கப்பாசிட்டர்களையும் புதிதாகக் கணக்குப் போட்டு மாற்றலாம். நான் அதைத்தான் விரும்பினேன், அதுதான் படித்தவன் செய்கிற வழி. மூன்றாவது, சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரையே தேடி, உள் தடையை அளந்து, 0.08க்குப் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்துப் போடுவது. பெரியவர் மூன்றாவதைச் சொன்னார். "நமக்கப்புறம் இதை ரிப்பேர் பண்றவன் ஊர்க் கடையில வாங்கக்கூடியதா இருக்கணும்" என்றார். அதற்கு நான் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் யோசித்துப் பார்த்தால் அவர் முடிவுதான் சரி.

பழையது 85 பாகை சூடு தாங்கும் ரகம். கொதிகலன் பக்கம் என்பதால் 105 பாகை தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கினோம். சூடு பத்துப் பாகை குறைந்தால் இந்தக் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. 105 பாகையில் 5,000 மணி நேரம் என்று எழுதியிருந்தால் 65 பாகையில் 80,000 மணி நேரம், ஒன்பது வருடம். குளிர் நாட்டில் இந்த ரகத்தின் உள் தடை பல மடங்கு ஏறிவிடும். நம் ஊரில் அந்தக் கவலை இல்லை.

லோடு தட்டினோம். கோடு ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது. பலகையை ஒரு பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் பல்பு எரியவிட்டுச் சூடாக்கி மறுபடியும் தட்டினோம். இரண்டு வாரம் ஓடவிட்டோம். ஆலையிலிருந்து தினமும் போன் வந்தது, ஏச்சும் வந்தது. பெரியவர் அசையவில்லை. எட்டுப் பலகையும் ஒரு மாதம் தாமதமாகத்தான் போயின. லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை, செத்த மாஸ்ஃபெட் கணக்கு வேறு.

அனுப்புவதற்கு முன் வரைபடத்தைப் புதிதாக வரையச் சொன்னார். ஒவ்வொரு பாகத்துக்குப் பக்கத்திலும் அது என்ன என்பதை மட்டுமல்ல, ஏன் என்பதையும் தமிழிலும் மலாயிலும் என்னையே எழுத வைத்தார். கப்பாசிட்டருக்குப் பக்கத்தில் நான் எழுதியது இது: 'உள் தடை 0.06 முதல் 0.1 ஓம் வரை இருக்க வேண்டும். இதை விட நல்லதைப் போடாதே.' ஆலைப் பொறியாளர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். நாங்கள் விளக்கியதும் அந்தத் தாளைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னார்.

பலகையைப் பொருத்திய அன்று ஆலையில் இருந்தோம். கொதிகலன் வேலையாள், நம் பக்கத்துத் தோட்டத்துக்காரர், சோதனைக்காக மட்டம் காட்டும் பகுதியின் தண்ணீரை மெல்ல இறக்கினார். ரிலேக்கள் ஒன்றாக இழுத்த சத்தம் கேட்டது. சங்கு ஊதியது, நிற்காமல் ஊதியது. அவர் காதைப் பொத்திக்கொண்டு "போதுங்க, போதும்" என்றார்.

அந்தப் பலகைகளில் ஒன்றும், நான் சொருகிச் செத்துப்போன இரண்டு மாஸ்ஃபெட்டுகளும், எழுத்து அழிந்த போலி டிரான்சிஸ்டரும் இதோ இந்தப் பையில் இருக்கின்றன. பரிசளிப்பு முடிந்ததும் அறிவியல் அறையில் மேசை மேல் வைக்கிறேன். ஆசிலோஸ்கோப்பும் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு பலகையில் சாதாரணக் கப்பாசிட்டரும் இன்னொன்றில் பாலிமரும் போட்டிருக்கிறேன். எது எது என்று சொல்ல மாட்டேன், நீங்களே தட்டிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். சின்னப் பிள்ளைகள் ஆசிரியரோடு வாருங்கள், ஹீட்சிங்க்கைத் தொடாதீர்கள், சுடும்.